வரைபடத்தில் ஒரு கோடு

நாளிதழின் உட்பக்கத்தில், ஏல அறிவிப்புகளுக்கும் ஒப்பந்தப்புள்ளி விளம்பரங்களுக்கும் நடுவே, சிறிய எழுத்தில் ஓர் அறிவிப்பு எப்போதாவது வெளியாகும். இன்ன நகருக்கான திட்ட வரைவு ஆயத்தமாகிவிட்டது. வரைபடங்களை அலுவலகத்தில் பார்வையிடலாம். ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் அனுப்பலாம் என்று அதில் கண்டிருக்கும். அதை நின்று படிப்போர் மிகச் சிலரே. ஆண்டுகள் பல கழிந்து, நில அளவையர் தெருவுக்கு வந்து வீட்டுச் சுவரில் சிவப்பு மையால் குறியிடும்போதுதான் ஊர் விழித்தெழுகிறது. "எங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா?" என்று மக்கள் கதறுகின்றனர். கேட்டார்கள் என்பதே அலுவலகத்தின் விடை. சட்டப்படி அந்த விடை சரியானதும்கூட.

வரைபடத்தில் இழுக்கப்படும் கோடு வெறும் மைதானே என்று எண்ணுதல் தவறு. சாலை வரும் என்று குறிக்கப்பட்ட நிலத்தில் வீடு கட்ட அனுமதி கிடைப்பது அரிது; கடன் கிடைப்பதும் அரிது; விற்கப் போனால் வாங்குவார் இல்லை. மண்வெட்டி ஒன்று தரையைத் தொடுமுன்னரே அக்கோடு குடும்பங்களின் வாழ்வைத் தொட்டுவிடுகிறது. ஆகவே கோட்டைப் பற்றிப் பேச வேண்டிய காலம், அது ஈரமாக இருக்கும் காலமே. இதனை நன்கு விளக்குவது நியூயார்க் மாநகரின் வரலாறு. அங்கே ஒரே அதிகாரி மூன்று இடங்களில் மூன்று கோடுகளை இழுத்தார். ஓரிடத்தில் மக்கள் தோற்றனர், ஈரிடங்களில் வென்றனர்.

அந்த அதிகாரியின் பெயர் இராபர்ட் மோசஸ். மக்கள் வாக்களித்து அவர் எந்தப் பதவிக்கும் வந்தவரல்லர். ஆயினும் 1934 முதல் ஏறத்தாழ 34 ஆண்டுகள் அம்மாநகரின் பூங்காக்களும் பாலங்களும் நெடுஞ்சாலைகளும் அவர் கைவிரலசைவில் எழுந்தன. ஏழைச் சிறுவர் நீந்தி விளையாடப் பொது நீச்சல் குளங்களை அமைத்தவரும் அவரே; அந்த நன்மையை மறுத்தல் நியாயமாகாது. ஆனால் தாம் இழுத்த கோட்டைப் பிறர் தொடுவதை அவர் பொறுத்ததில்லை.

முதற் கோடு பிராங்க்ஸ் பகுதியை ஊடறுத்த விரைவுச்சாலை. கிழக்கு டிரிமாண்ட் என்னும் இடத்தில் தொழிலாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்த அடுக்கு வீடுகள் இருந்தன. 1952 டிசம்பரில் அங்குள்ள 1,530 குடும்பங்களுக்கு, 90 நாட்களுக்குள் வெளியேற வேண்டுமென்று கடிதம் வந்தது. அதுவும் ஒரே ஒரு மைல் நீளச் சாலைக்காக. அத்தெருவின் பெண்கள் அழுதுகொண்டு அமர்ந்துவிடவில்லை. பொறியாளர்களின் துணையை நாடினர். சாலையைச் சற்றே தெற்கே நகர்த்தினால் மிகச் சில வீடுகளே இடிபடும் என்று வரைந்து காட்டினர். மாநகர மன்றத்தின் படிகளை மீண்டும் மீண்டும் ஏறினர். எல்லாம் முறையாகச் செய்தும் தோற்றனர். ஏனெனில் அச்சாலையின் பணி 1948இலேயே தொடங்கிவிட்டது. இரு முனைகளிலிருந்தும் சாலை நெருங்கி வந்துவிட்ட பின்பு, இடையிலிருந்த ஒரு மைலின் குரல் யார் செவியில் ஏறும்?

இரண்டாம் கோடு வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் நடுவே சென்றது. ஏறத்தாழ 10 ஏக்கர் பரப்புள்ள அப்பூங்கா, நெருக்கமான தெருக்களில் வாழ்ந்த குழந்தைகளுக்கு முற்றம், முதியோர்க்குத் திண்ணை. அதனைப் பிளந்து அகன்ற சாலை அமைக்கும் திட்டம் 1952இல் தெரியவந்தவுடன், நான்கு பிள்ளைகளின் தாயாகிய ஷெர்லி ஹேய்ஸ் என்பவர் எதிர்ப்புக் குரல் எழுப்பினார். ஆயிரக்கணக்கில் கையொப்பங்கள் திரண்டன. அகலத்தைக் குறைத்துக் கொள்ளலாம், 36 அடிச் சாலையாவது இருக்கட்டும் என்று அதிகாரத் தரப்பிலிருந்து ஒரு சமரசம் வந்தது. சோர்ந்த மனிதர்க்குச் சமரசம் இனிக்கும். அம்மையார் இணங்கவில்லை. புதிய சாலையும் வேண்டாம், ஏற்கெனவே பூங்காவுக்குள் ஓடும் வண்டிகளும் வேண்டாம் என்பதே தம் கோரிக்கை என்று உறுதியாக நின்றார்.

பின்னர் அமைந்த கூட்டுக் குழு இந்த ஒரே கோரிக்கையை மட்டும் முன்வைத்தது. அதனால் கட்சி வேறுபாடின்றி எல்லாரும் அதில் சேர முடிந்தது. 1958 நவம்பரில் சோதனை முறையில் பூங்கா வண்டிகளுக்கு மூடப்பட்டது. சாலையைத் திறப்போர் நாடாவை வெட்டுவர். அன்று மக்கள் நாடாவைக் கட்டி முடிச்சிட்டு விழா எடுத்தனர். சுற்றுத் தெருக்களில் வண்டிகள் நெருக்கித் திணறும் என்று எச்சரித்திருந்தனர். அப்படி எதுவும் நேரவில்லை. மறு ஆண்டே தடை நிலையானது.

மூன்றாம் கோடு புரூம் தெருவின் மேலே, 10 தடங்கள் கொண்ட விரைவுச்சாலையாகச் செல்லவிருந்தது. ஏறத்தாழ 2,000 குடும்பங்களும் 800 தொழிலகங்களும் அதன் பாதையில் இருந்தன. அவற்றோடு ஒரு பங்குக் கோவிலும் இருந்தது. இத்தாலியத் தொழிலாளர் வழிபட்டு வந்த, மகா பரிசுத்த பாடுபட்ட சுரூபத்தின் பெயரால் அமைந்த சிறிய கோவில் அது. அதன் பங்குத்தந்தை ஜெரார்டு லா மவுண்டன் அடிகளார், பிரசங்கத்தோடு நின்றுவிடாமல், தெருத் தெருவாக மக்களைத் திரட்டினார். ஜேன் ஜேக்கப்ஸ் என்னும் எழுத்தாளரைத் தேடிச் சென்று துணைக்கு அழைத்தார்.

ஜேக்கப்ஸ் அம்மையார் கல்லூரிப் பட்டம் பெற்றவரல்லர். கட்டடக்கலை இதழொன்றில் பணியாற்றியவர். நகரம் உயிரோடிருப்பது அகன்ற சாலைகளால் அன்று. கடைக்காரர் தெருவைக் கவனிப்பதாலும், சன்னலிலிருந்து மூதாட்டி நோக்குவதாலும், வீடும் வேலையும் கடையும் கலந்திருப்பதாலுமே என்று 1961இல் வெளிவந்த தம் நூலில் எடுத்துரைத்தவர். அவரும் அடிகளாரும் அண்டை அயலாரும் சேர்ந்து நடத்திய முயற்சியால், 1962 டிசம்பரில் மாநகர ஆட்சிக் குழு திட்டத்தைத் தள்ளியது.

ஆயினும் தள்ளப்பட்ட திட்டம் சாவதில்லை, உறங்குகிறது. அது சில ஆண்டுகளில் மீண்டும் எழுந்தது. 1968 ஏப்ரலில் மாநில அரசு பொது விசாரணை ஒன்றைக் கூட்டியது. மக்கள் பேசுவதற்கான ஒலிவாங்கி, அதிகாரிகளை நோக்காமல் மக்களையே நோக்கி வைக்கப்பட்டிருந்தது! முடிவை முன்னரே எடுத்துவிட்டு, கேட்பதுபோல் நடிக்கும் கூட்டம் இது என்று கண்டித்து, ஜேக்கப்ஸ் மேடை மீதேறி நடந்தார், கைது செய்யப்பட்டார். மறு ஆண்டு, 1969இல், மேயர் அத்திட்டத்தைக் கைவிட்டார். வரைபடத்திலிருந்தும் கோடு அழிக்கப்பட்டது. அந்தச் சிறிய கோவில் இடிபடாமல் தப்பியது.

நிற்க. அயல்நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று வாசக அன்பர்கள் வினவலாம். கோடுகள் நம் நாட்டிலும் இழுக்கப்படுகின்றன. அவற்றைக் குறித்துப் பேச நம் சட்டங்களும் இடந்தருகின்றன.

1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், ஒரு நகரின் முழுமைத் திட்டத்தை இறுதியாக்குமுன் அதனை அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிக்க வேண்டும் என்கிறது. ஆட்சேபணைகளைப் பெற 2 மாதங்களுக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். நேரில் பேச விரும்புவதாக எழுதிக் கேட்டவர்க்கு அதற்கான வாய்ப்பளிக்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர்தாம் எழுதலாம் என்று சட்டம் சொல்லவில்லை, எவரும் எழுதலாம். வாடகைக்குக் குடியிருப்பவரும், நடைபாதையில் பூ விற்பவரும் எழுதலாம்.

இந்த 2 மாதங்களின் விலை என்ன? சென்னைப் பெருநகரின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. 2026ஆம் ஆண்டை எல்லையாகக் கொண்டு வரையப்பட்டது. 2008இல் பிறந்த குழந்தை, அத்திட்டத்தின் எல்லை ஆண்டில் வாக்குரிமை பெறும் வயதை எட்டும். குறித்த இரண்டு மாதங்களில் பேசாத ஊர், ஒரு தலைமுறைக் காலம் காத்திருக்க நேரிடுகிறது.

அரசியல் சட்டத்தின் 74ஆம் திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தபோது, நகராட்சி மன்றங்களுக்கு உரிய 18 பொருள்களைப் பட்டியலிட்டது. அவற்றில் முதலாவது நகரமைப்புத் திட்டமே. தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் அமைக்க விதிகள் செய்யப்பட்டு, 2022 நவம்பர் 1 உள்ளாட்சி நாளன்று பகுதி சபைக் கூட்டங்கள் நடைபெற்றன. அங்கே குடிநீர்க் குழாயும் தெருவிளக்கும் பேசப்படுவது நன்றே. நம் வார்டுக்கு வரைபடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் அங்கே கேட்கலாம். மேம்பாலம் வேண்டுமென முடிவு செய்த போக்குவரத்துக் கணக்கு எது, ஏரிக்கரையைக் குடியிருப்பு நிலமாக மாற்றக் காரணம் யாது என்று 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதிக் கேட்டால், 30 நாட்களுக்குள் விடை தர வேண்டிய கடமை அலுவலகத்துக்கு உண்டு.

எழுதும்போது சிலவற்றைக் கருத்திற் கொள்ளுதல் நலம். "இத்திட்டம் வேண்டாம்" என்று மட்டும் எழுதிய மனு எளிதில் கோப்பில் அடங்கிவிடும். எந்தச் சர்வே எண், எந்தத் தெரு, எத்தனை குடும்பங்கள், மாற்று வழி எது என்று எழுதிய மனுவுக்கு விடை சொல்லியாக வேண்டும். ஒருவர் எழுதுவதினும் நூறு பேர் தனித்தனியே எழுதுவது வலிமையுடையது. கொடுத்ததற்கு ஒப்புகை பெற்றுப் பத்திரமாக வைத்தல் வேண்டும். உறங்கும் திட்டம் மீண்டும் எழும் நாளில் அத்தாள் பேசும்.

இன்னுமொன்று சொல்லாமல் விடுதல் தகாது. ஊர் நலம் என்ற பெயரில் தந்நலம் பேசுவோரும் உளர். தம் தெருவில் ஏழைகளுக்கு அடுக்குமாடி வீடு வரக்கூடாது, தம் வாயிலருகே காய்கறி வண்டி நிற்கக்கூடாது என்று மனு எழுதுவோரும் மக்கள் குரல் என்றே தம்மை அழைத்துக் கொள்கின்றனர். 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும் என்கிறது. எவருடைய பிழைப்பு பேசப்படுகிறதோ அவர் அந்த அவையில் இருக்க வேண்டும் என்பதே அதன் கருத்து.

2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலும் இதனையே கற்பிக்கிறது. நகரமைப்பில் அங்கு வாழ்வோரின் கருத்துக்கு இடம் வேண்டும்; இடம்பெயர்க்கப்படுவோர்க்கு முன்கூட்டியே தகவலும், தகுந்த வீடுகளுள் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பும் வேண்டும் என்று அது சொல்கிறது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களை எண்ணிப் பார்ப்போர்க்கு இதன் பொருள் விளங்கும். வீடு கிடைத்தது, வேலையும் பள்ளியும் பழகிய முகங்களும் பல மைல் தொலைவில் நின்றுவிட்டன.

நியூயார்க்கில் காப்பாற்றப்பட்ட தெருக்களிலும் இன்று எளியோர் குடியிருக்க இயலாத அளவுக்கு வாடகை ஏறிவிட்டது. சாலையை நிறுத்தியவர்களால் விலையை நிறுத்த முடியவில்லை. கட்டடம் பிழைத்தும் அதில் வாழ்ந்தவர் நிலைக்காவிடில் அந்த வெற்றி பாதியே. ஆதலால் ஒரு திட்டத்தை எதிர்க்கும்போதும் ஆதரிக்கும்போதும், இதனால் முதலில் வெளியேற வேண்டியவர் யார் என்னும் கேள்வியை முன்வைத்தல் நம் கடன்.

பங்குப் பேரவைகளும், அன்பியங்களும், மாதர் சங்கங்களும் மாதம் ஒருமுறை கூடுகின்றன. அக்கூட்டத்தில் ஒருவர் நாளிதழ் அறிவிப்புகளைப் பார்த்து வந்து சொல்லும் பொறுப்பை ஏற்கட்டும். கல்லூரி மாணவர் ஒருவர் வரைபடத்தின் நிறங்களை, எது குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது நீர்நிலை என்று விளக்கட்டும். எழுதத் தெரிந்தவர் எழுதத் தெரியாத அண்டை வீட்டாரின் ஆட்சேபணையை எழுதிக் கொடுக்கட்டும். அவர் இந்துவோ இஸ்லாமியரோ கிறிஸ்தவரோ, தெரு எல்லார்க்கும் ஒன்றே. 2 மாதம் என்பது 60 நாள். அறிவிப்பு வெளியான அன்றே எண்ணத் தொடங்குங்கள்.