வியப்புச் செய்தியும் அதன் காரணமும்

விஞ்ஞானப் பத்திரிகைகளில் கட்டுரை முடியுமிடத்தில் எஞ்சும் வெற்றிடத்தை நிரப்பச் சிறு செய்திகள் சில இடம்பெறுவது வழக்கம். ஆக்டோபஸ் என்னும் கடற்பிராணிக்கு மூன்று இதயங்கள் உண்டு. தீக்கோழியின் கண் அதன் மூளையினும் பெரிது. பாரிஸ் நகரத்து ஐபல் கோபுரம் கோடைக்காலத்தில் சில அங்குலம் உயர்கிறது. இத்தகைய செய்திகளைத் தமிழாக்கித் தருவது எம்போன்ற அரசாங்க மொழிபெயர்ப்பாளர்களின் அன்றாடப் பணிகளுள் ஒன்று. நீண்ட கட்டுரையைப் புரட்டிவிட்டுப் போகும் வாசகரும் இவற்றைப் படிக்காமல் விடுவதில்லை. ஆகவே இவற்றை அற்பமென்று ஒதுக்குவதற்கில்லை.

ஆயினும் இவற்றைப் பற்றி ஒரு குறை சொல்லவேண்டியிருக்கிறது. இவை பெரும்பாலும் காரணம் இன்றி வருகின்றன, தொலைதூரத்திலிருந்தே வருகின்றன. கோபுரம் உயர்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் அது செப்பிடுவித்தை போலத் தோன்றும். வெப்பத்தால் இரும்பு விரிவடைகிறது என்று ஒரு வரி சேர்த்தால், மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டிய நம் ஊர்க் கொல்லரின் தொழிலும் அந்தக் கோபுரமும் ஒரே விதிக்கு உட்பட்டவை என்பது விளங்கிவிடும். அந்த ஒரு வரிக்கு நாம் இடம் ஒதுக்குவதில்லை.

தொலைவு பற்றிய குறை இதனினும் பெரிது. கேரள மாநிலத்தின் கிழக்கெல்லையில், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, அட்டப்பாடிப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், மறையூர், பீர்மேடு பகுதிகளிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் பெருந்தொகையினர். தமிழ்வழிப் பள்ளிகளும் அங்கு உண்டு. அப்பள்ளி மாணவன் ஒருவன் ஆக்டோபஸின் இதயங்களை எண்ணக் கற்றிருக்கலாம். தன் ஊர் ஆறு ஏன் கேரளத்தின் மற்ற ஆறுகளுக்கு எதிர்த்திசையில் ஓடுகிறது என்று அவனைக் கேட்டால் விழிப்பான். இது அவன் குற்றமன்று. அவனுக்கு அதை எழுதிக் கொடுத்தவர் இலர்.

முதலில் காற்றை எடுத்துக்கொள்வோம். மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் நீளமுடையது. அதன் நெடுஞ்சுவரில் மிகப் பெரிய திறப்பு பாலக்காட்டில் உள்ளது. வடக்கே நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். தெற்கே ஆனைமுடி 2,695 மீட்டர். இவ்விரண்டுக்கும் நடுவில் நிலம் 300 மீட்டருக்கும் கீழே தாழ்ந்து கிடக்கிறது. இதைப் 'பாலக்காட்டுக் கணவாய்' என்று நூல்கள் வழங்குகின்றன. கணவாய் என்றதும் இருபுறமும் பாறை நெருக்க, நடுவே ஒரு வண்டி செல்லும் ஒடுக்கமான வழியே மாணவனின் மனக்கண்ணில் தோன்றும். உண்மையில் இதன் அகலம் 30 கிலோமீட்டருக்கு மேல். வயல்களும், பனைமரங்களும், ஊர்களும், பாரதப்புழையின் மேல்நீரோடைகளும் இதனுள் அடங்கியுள்ளன. கோயமுத்தூரிலிருந்து இரயிலில் வருபவர் தாம் ஒரு மலைத்தொடரைக் கடந்துவிட்டோம் என்பதை உணராமலே பாலக்காட்டில் இறங்கலாம். இங்குக் கணவாய் என்பதைவிட 'இடைவெளி' என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. ஆனால் வேரூன்றிவிட்ட சொல்லைப் பிடுங்குவது எளிதன்று.

இந்த இடைவெளியின் வழியே தென்மேற்குப் பருவத்தில் மேல்காற்று கொங்குநாட்டினுள் புகுகிறது. கோயமுத்தூரின் இதமான தட்பவெப்பத்துக்கும், பல்லடம், உடுமலைப் பக்கங்களில் காற்றாலைகள் வரிசையாக நிற்பதற்கும் அதுவே காரணம். மார்கழி, தை மாதங்களில் திசை மாறுகிறது; கிழக்கிலிருந்து வறண்ட காற்று பாலக்காட்டை நோக்கி வீசுகிறது. இவையெல்லாம் அங்குள்ள உழவர் அறிந்தவையே. அவர் அறியாதது ஒன்று உண்டு. காற்றுக்கு வழிவிட்ட அந்தத் தாழ்நிலம், மலையுச்சியில் வாழும் சிற்றுயிர்களுக்குக் கடல்போல் குறுக்கே நின்றிருக்கிறது. உயர்மலைச் சோலைகளில் மட்டுமே வாழும் சிறிய நீலப் பறவையினம் ஒன்றுண்டு. குளிர்ந்த காட்டை விட்டு வெப்பச் சமவெளியில் இறங்க அதனால் இயலாது. ஆகவே இடைவெளிக்கு வடக்கே தங்கிய பறவைகளும் தெற்கே தங்கியவையும் நெடுங்காலம் கலவாமல் இருந்து, இன்று வெவ்வேறு இனங்களாக நிற்கின்றன. யானை எத்துணையோ தொலைவு நடக்கவல்லது. அதன் மரபணுக்களிலுங்கூட இடைவெளிக்கு வடக்கிலும் தெற்கிலும் வேற்றுமை காணப்பட்டுள்ளது.

அந்தப் பறவைகளுக்கு 2017-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் புதிய பேரினப் பெயர் ஒன்று சூட்டினர்: 'ஷோலிகோலா'. நம் 'சோலை' என்னும் சொல் ஆங்கிலேயர் நாவில் 'ஷோலா' ஆகி, இப்போது 'உறைவது' என்னும் பொருளுடைய இலத்தீன் விகுதியோடு சேர்ந்து உலகப் பொதுப் பெயராகிவிட்டது. சோலையில் உறைவது என்பது அதன் பொருள். இதைத் தமிழில் எழுதும்போது 'ஷோலாக் காடுகளில் வாழும் பறவை' என்று சிலர் மொழிபெயர்க்கின்றனர். வீட்டுப் பிள்ளை வெளியூர் சென்று திரும்பியபோது அடையாளம் தெரியாமல் விருந்தாளியாக உபசரிப்பதைப் போன்றது இது.

அடுத்து ஆறுகள். கேரளத்தின் 44 ஆறுகளுள் 41 மேற்கு நோக்கிக் கடலை அடைகின்றன. எஞ்சிய மூன்றும், கபினி, பவானி, பாம்பாறு ஆகியவை, கிழக்கே திரும்பிக் காவிரியைச் சேர்கின்றன. இவற்றுள் பவானி அட்டப்பாடியின் வழியாகவும் பாம்பாறு மறையூரின் வழியாகவும் ஓடுவன. நீலகிரியில் பிறக்கும் பவானி கேரளத்துள் இறங்கி, முக்காலிக்கு அருகே வளைந்து, மீண்டும் தமிழ்நாட்டுக்கே திரும்பிவிடுகிறது. ஆறு எல்லைக்கோட்டைப் பார்த்து ஓடுவதில்லை; நிலத்தின் சரிவைப் பார்த்து ஓடுகிறது. இவ்வூர்கள் மலையின் கிழக்குச் சரிவில் அமைந்திருப்பதே இதன் காரணம். அதே காரணத்தினால்தான் இங்கு மழையும் குறைவு. மேல்காற்று சுமந்து வரும் நீராவி மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து மழையாகக் கொட்டிவிடுகிறது. மறுபுறம் இறங்கும் காற்று வறண்டு விடுகிறது. மூணாற்றிலிருந்து 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சின்னாறு சரணாலயத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. மூணாற்றில் பெய்வது அதனினும் பல மடங்கு. காலையில் பனியிலும் தேயிலைத் தோட்டத்திலும் புறப்பட்டவர் நண்பகலில் முட்புதர்க் காட்டில் நிற்பார்.

இத்தகைய இடங்களை 'மழை நிழல்' பகுதி என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதுவது உண்டு. வெயில் காயும் நாட்டில் நிழல் என்பது இன்பந்தரும் சொல். மழையின் நிழலில் ஒதுங்கியவன் குளிர்ச்சி பெற்றான் என்றே சிறுவன் எண்ணுவான். பாடநூல்கள் வழங்கும் 'மழை மறைவு' என்பதே நன்று. மழை வரவொட்டாமல் மலை மறைக்கிறது என்பது அதில் வெளிப்படையாக இருக்கிறது.

குறிஞ்சியைப் பற்றிய துணுக்கு ஏதேனும் ஒரு பத்திரிகையில் ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கிறது. 'பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே பூக்கும் மலர்' என்பதோடு அது நின்றுவிடும். செய்தி தவறன்று, குறையுடையது. இரவிகுளத்தில் 2006-இலும் 2018-இலும் நீலக்குறிஞ்சி மலைமுழுதும் பூத்தது. அவ்விடத்தில் அடுத்த முறை 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. ஆனால் 2022-ஆம் ஆண்டில் அதே இடுக்கி மாவட்டத்துச் சாந்தன்பாறைக்கு அருகிலுள்ள கள்ளிப்பாறை மலையிலும் நீலக்குறிஞ்சி பூத்தது. துணுக்கை மட்டும் படித்திருந்தவர், நான்கே ஆண்டில் எப்படிப் பூத்தது என்று மலைத்திருப்பார். ஒவ்வொரு மலைச்சரிவிலும் உள்ள செடிக்கூட்டத்துக்குத் தனித்தனிப் பஞ்சாங்கம் உண்டென்பதும், ஒருமுறை பூத்து விதை சிந்தியபின் செடி மடிந்துவிடும் என்பதும் அத்துணுக்கில் இடம்பெறுவதில்லை. மடிந்துவிடுவதால்தான் பூவைப் பறிப்பதும் சரிவில் மிதித்து நடப்பதும் கேடு. விதை விழாவிடில் அக்கூட்டத்துக்கு மறுவாய்ப்பு இல்லை. பூக்காலத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டு செல்வோருக்குப் பன்னிரண்டு என்னும் எண் தெரிந்திருக்கிறது. தெரிந்திருக்க வேண்டிய மற்றது தெரிவதில்லை.

இவை அனைத்தினும் வியக்கத்தக்கது இடுக்கியின் மண்ணுக்கடியில் வாழ்கிறது. 2003-ஆம் ஆண்டில் எஸ்.டி. பிஜு, பிராங்கி போசுயித் என்னும் இரு விஞ்ஞானிகள் 'நேச்சர்' என்னும் ஆராய்ச்சி இதழில் ஒரு தவளையை உலகுக்கு அறிவித்தனர். அதன் பெயர் 'நாசிகாபட்ராகஸ் சஹ்யாத்ரென்சிஸ்'. நாசிகா என்பது மூக்கு. பட்ராகஸ் என்பது கிரேக்க மொழியில் தவளை. சஹ்யாத்ரி நம் மலை. உப்பிய உடல், குறுங்கால்கள், சிறு கண்கள், வெண்ணிறமான கூர்மூக்கு. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துக் கறையானை உண்டு வாழும் இத்தவளை, பருவமழைக்கு முந்திய கோடைமழை மண்ணை நனைக்கும்போது சில நாட்களே வெளிவந்து, ஓடையோரத்தில் முட்டையிட்டுவிட்டு மீண்டும் மண்ணுக்குள் புகுந்துவிடும். அதன் தலைப்பிரட்டை வாயையே உறிஞ்சுகருவியாகக் கொண்டு, காட்டாற்று வெள்ளத்திலும் பாறையைப் பற்றிக்கொண்டு வளரும்.

இதற்கெனத் தனிக் குடும்பமே வகுக்கவேண்டியதாயிற்று. இதன் நெருங்கிய உறவினம் இந்தியாவில் எங்கும் இல்லை; ஏறத்தாழ 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் சேஷல்ஸ் தீவுகளில் உள்ளது. உப்புநீர் தவளைக்கு நஞ்சு. ஆகவே அது நீந்திச் சென்றிருக்க முடியாது. சேஷல்ஸும் இந்தியாவும் ஒரே நிலப்பரப்பாக ஒட்டியிருந்து, ஏறத்தாழ ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்னர்ப் பிரிந்தவை. அந்நிலப்பிரிவுக்கும் முற்பட்டது இத்தவளைகளின் பொது மூதாதை. கண்டங்கள் நகர்ந்தன என்பதற்கு மாணவனுக்குக் காட்டத்தக்க சாட்சி கட்டப்பனையின் சேற்றில் இருக்கும்போது, நாம் ஏன் தொலைநாட்டுப் பாறைகளைத் தேடுகிறோம்? 2017-இல் இதன் உடன்பிறப்பான மற்றோர் இனம் தமிழ்நாட்டுப் பக்கத்துச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காட்டிலிருந்து விவரிக்கப்பட்டது. மறைந்த ஆய்வாளர் பூபதியின் நினைவாக 'பூபதி' என்று அதற்குப் பெயர். மேற்குச் சரிவின் தவளை தென்மேற்குப் பருவத்தை ஒட்டி முட்டையிட, கிழக்குச் சரிவின் தவளை வடகிழக்குப் பருவத்தில் முட்டையிடுகிறது. ஆறுகளின் திசையை மாற்றிய அதே மலைமுகடு, தவளையின் நாட்காட்டியையும் மாற்றிவிட்டது.

ஆங்கிலத்தில் இதை அதன் நிறத்தால் அழைப்பர். அதைப் பார்த்து 'ஊதாத் தவளை' என்று தமிழில் எழுதுகின்றனர். மலையாளத்தில் இதற்குப் 'பாதாளத் தவளை' என்று பெயர். பாதாளம் நம் வழக்கிலும் உள்ள சொல்தான். நிறத்தைச் சொல்லும் பெயர் காண்பவரது. இயல்பைச் சொல்லும் பெயர் உடன் வாழ்ந்தவரது. தமிழிலும் பாதாளத் தவளை என்றே வழங்குவோமாக.

உடன் வாழ்ந்தவர் என்றது காரணத்தோடுதான். 2003-இல் 'கண்டுபிடிக்கப்பட்டது' என்று துணுக்குகள் கூறும். இடுக்கியின் சில பழங்குடிக் குடியிருப்புகளில் இதன் தலைப்பிரட்டைகளை ஓடைப் பாறைகளிலிருந்து பிடித்து உண்பது வழிவழிவந்த பழக்கம். எந்த மழைக்குப்பின் எந்தப் பாறையில் அவை இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். சேஷல்ஸ் உறவு அவர்களுக்குத் தெரியாது. பாறையின் கணக்கு விஞ்ஞானிகளுக்கு வெகுகாலம் தெரியாதிருந்தது. இப்பழக்கம் இனத்துக்கு நேரடியான அச்சுறுத்தல் என்று 2015-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவ்வாய்வின் சாரம் அம்மக்களின் மொழியில், அவர்களுடைய அறிவுக்கு மதிப்புக் கொடுத்து எழுதப்பட வேண்டும். தடை ஆணையை மட்டும் எழுதினால், அது ஓடைவரை போய்ச் சேராது.

துணுக்கின் வேலை வியப்பூட்டுவது மட்டுமே, காரணம் சொன்னால் பாடமாகிவிடும் என்று ஒரு வாதம் கூறப்படுகிறது. இதை நான் ஏற்பதற்கில்லை. பாம்பாறு கிழக்கே ஓடுகிறது என்பதினும், அது ஏன் அவ்வாறு ஓடுகிறது என்பதே எனக்கு மிகுந்த வியப்பைத் தருகிறது. இடமில்லை என்பது மற்றொரு சமாதானம். எத்துணை இடம் வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 'மூணாற்றில் ஒருகாலத்தில் இரயில் ஓடியது' என்பது வழக்கமாக வரும் துணுக்கு. அதனை இவ்வாறு எழுதலாம்:

'மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை தேயிலையைக் கொண்டுசெல்ல 1902-இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டியும், 1908-இல் சிறு இரயில் பாதையும் அமைக்கப்பட்டன. அங்கிருந்து தேயிலை கம்பிவடத்தின் வழியாகப் போடிநாயக்கனூர்ப் பக்கத்துக் கோட்டகுடிக்கு இறக்கப்பட்டது. கடலுக்குச் செல்லும் வழி அக்காலத்தில் கிழக்கே இருந்தது. 1924-ஆம் ஆண்டு ஜூலை மாதப் பெருமழையில் பாதை அழிந்தது, மீண்டும் போடப்படவில்லை. மலையாள நாட்டு முதியோர் இதனைத் "தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்" என்பர். அது 1999 அன்று. கொல்லம் ஆண்டு 1099.'