பூட்டு சொல்லும் கம்ப்யூட்டர் பாடம்

திண்டுக்கல் என்றதும் நினைவுக்கு வருவது பூட்டு. கையால் செய்யும் அந்தப் பூட்டு 2019-ம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

அதன் உள்ளே 'லீவர்' என்னும் சிறு தகடுகள் இருக்கின்றன. பெட்டிக்கு எத்தனை, பெரிய கதவுக்கு எத்தனை என்று தேவையைப் பார்த்துத் தொழிலாளி அவற்றைச் சேர்க்கிறார். வேண்டாத தகட்டுக்கு உள்ளே இடம் இல்லை.

கம்ப்யூட்டருக்கும் இதே பாடம்தான்!

வீட்டுக்குள் குட்டி கம்ப்யூட்டர்

வாஷிங் மெஷின், கண்காணிப்பு கேமரா, செல்போனில் இயக்கும் தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர் ஆகியவற்றுக்குள் குட்டி கம்ப்யூட்டர் இருக்கிறது. அதனிடம் வேலை வாங்கும் மேஸ்திரிதான் 'ஆபரேட்டிங் சிஸ்டம்'.

பெரிய கம்ப்யூட்டரின் மேஸ்திரியை அப்படியே இதற்குள் வைக்கலாமா? ஒரு ஆள் சாப்பாட்டுக்குக் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றியது போல ஆகிவிடும்!

2000-ம் ஆண்டு வாக்கில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தினர் 'டைனி ஓ.எஸ்.' என்பதை உருவாக்கினார்கள். நேரம் பார்க்க ஒரு பாகம், வெப்பம் அளக்க ஒரு பாகம், செய்தி அனுப்ப ஒரு பாகம். தேவையானதை மட்டும் கோத்துக்கொள்ளலாம். 2002-ல் ஒரு தீவில் கடற்பறவைகளின் வளைகளைக் கவனிக்க அது பயன்பட்டது.

திறந்து கிடந்த கதவு

வேண்டாத பாகத்தால் செலவு மட்டுமா? ஆபத்தும் உண்டு.

2016-ல் 'மிராய்' என்ற நச்சு புரோகிராம், லட்சக்கணக்கான கேமராக்களிலும் இணையப் பெட்டிகளிலும் புகுந்தது. வீட்டுக்காரருக்குத் தேவையே இல்லாத ஒரு வழி அவற்றில் திறந்தே கிடந்தது. பாஸ்வேர்டும் கம்பெனி வைத்ததுதான். அந்தக் கருவிகளை ஏவிவிட்டு, அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்களை முடக்கினார்கள்.

இணைப்பிலும் கவனம்

பாகங்கள் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. 1997-ல் செவ்வாயில் இறங்கிய 'பாத்ஃபைண்டர்' கலத்தின் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்று, மறுபடி தொடங்கியது. அவசர வேலை ஒன்று, சாதாரண வேலை ஒன்றுக்காகக் காத்து நின்றதே காரணம். பூமியிலிருந்தே அதைத் திருத்தினார்கள்.

நம் நாட்டு முயற்சி

சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் 'மௌஷிக்' என்ற சிப்பை அறிவித்தது. சிறு கருவிகளுக்கென்றே வடிவமைக்கப்பட்டது அது. கருவியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர்தான் பழுதையும் பார்க்க முடியும்.

கேமரா வாங்குகிறவர்கள் கம்பெனி பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றிவிட வேண்டும். பூட்டை வாங்கி மாட்டிவிட்டு, சாவியை யாராவது வாசலில் தொங்கவிடுவார்களா?