"ஒரு வாய் தானே" என்று இனிச் சொல்ல வேண்டாம்



கொஞ்சம் நீளமான பதிவு. திகன, கெங்கல்ல, ராஜவெல்ல, பலகொல்ல பக்கத்துச் சொந்தங்கள் பொறுமையாக வாசியுங்கள். எங்கட ராத்தாவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்.

ராத்தாவுக்குப் பல வருடமாக சீனி வருத்தம், பிரஷர், முழங்கால் நோவு. உடம்பின் பாரம் கூடிக்கொண்டே போனது. நடந்து பார்த்தார், சோற்றைக் குறைத்துப் பார்த்தார், மருந்தும் குடித்தார். கடைசியில் வைத்தியர்களின் ஆலோசனைப்படி கொழும்பில் இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டார். அது நல்லபடியாக முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். கஷ்டம் வந்தது அதற்குப் பிறகு, வைத்தியசாலையில் அல்ல, ஒரு வலீமா வீட்டில்.

அப்போது ஏழாவது வாரம். மெதுவான சாப்பாட்டிலிருந்து கட்டிச் சாப்பாட்டுக்கு அப்போதுதான் மாறிக்கொண்டிருந்தார். சஹனில் ஆறு பேரோடு உட்கார வைத்தார்கள். ராத்தா ஓரத்தில் இருந்து நாலைந்து சோற்றை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த மாமி ஒருவர் கோழித் துண்டைப் பிய்த்து அவர் பக்கம் தள்ளினார். "ஒரு வாய் தானே புள்ள, தின்னுங்க. வீட்டுக்காரங்க மனசு நோகும்." எல்லோரும் பார்த்தார்கள். ராத்தா தின்றார். ஐந்து நிமிடத்தில் நெஞ்சு அடைத்து, வியர்த்து, பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தார். வெளியே ஒரு குரல்: "காசைக் கொடுத்து நோயை வாங்கியிருக்கா."

அன்று இரவு அவர் அழுதது நெஞ்சு நோவால் அல்ல.

அந்த மாமியைக் குறை சொல்ல வரவில்லை. அவர் அன்பில்தான் செய்தார். நாங்களும் குற்றவாளிகள்தான். கூட்டிக்கொண்டு போனது நாங்கள், யாரிடமும் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லாமல் விட்டதும் நாங்கள். சத்திரசிகிச்சை நிபுணரின் வேலை சில மணித்தியாலங்களில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அது பலிப்பதும் கெடுவதும் எங்கட குசினியிலும் எங்கட விருந்துகளிலும்தான். அதனால்தான் இதை ஊருக்கே எழுதுகிறோம்.

பாடசாலையில் சமிபாட்டுத் தொகுதியைப் படிப்பிக்கும்போது இரைப்பையை ஒரு பை என்று கரும்பலகையில் வரைகிறோம். ராத்தாவுக்குச் செய்த சத்திரசிகிச்சையில் அந்தப் பையில் 75 முதல் 80 வீதம் வரை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைக்காய் போல ஒடுங்கிய ஒரு குழாய். ஒரு லீற்றருக்கு மேல் கொண்ட இடத்தில் இப்போது 100, 150 மில்லிலீற்றர்தான், ஒரு சின்னத் தேநீர்க் கோப்பை அளவு. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோனைப் பெருமளவு சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுகிறது. ஆகவே "பசிக்கல்ல" என்று அவர் சொன்னால் அது நடிப்பும் இல்லை, பெருமையும் இல்லை.

உள்ளே தைத்த இடம் ஆற வேண்டும். அதனால்தான் சாப்பாடு படிப்படியாகத் திரும்பி வருகிறது. ஒவ்வொரு வைத்தியசாலையும் நாள் கணக்கைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் சொல்லும். உங்களுக்குத் தந்த தாளைத்தான் நீங்கள் பின்பற்ற வேண்டும். எங்கட வீட்டில் நடந்த ஒழுங்கு இது:

முதல் ஓரிரு நாள் தண்ணீர், வடிகட்டிய சூப், மிடறு மிடறாக. பிறகு இரண்டு வாரம் வரை பால், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், சீனி போடாத யோகட். மூன்றாம், நான்காம் வாரம் அரைத்த சாப்பாடு: மசித்த பருப்பு, பூசணி, முள் எடுத்து அரைத்த மீன். ஐந்தாம், ஆறாம் வாரம் மெதுவானவை: குழைய வேகவைத்த முட்டை, ஆணத்தில் ஊறிய மீன், கரட். அதற்குப் பிறகுதான் கட்டிச் சாப்பாடு, அதுவும் ஒரு நேரத்துக்கு ஒரு புதுச் சாமான். மாட்டிறைச்சி, காய்ந்த கோழி, பாண், ரொட்டி, புட்டு, சோறு எல்லாம் கடைசி வரிசை. இறைச்சியின் நார் சிக்கிக்கொள்ளும், பாணும் ரொட்டியும் பசையாகி அடைக்கும். நோன்புக் கஞ்சி மெதுவானதுதானே என்று நினைக்க வேண்டாம். அதில் அரிசியும் இறைச்சியும் இருக்கிறது, முதல் வாரங்களுக்கு அது ஆகாது.

எதைச் சாப்பிடுகிறார் என்பதோடு எப்படிச் சாப்பிடுகிறார் என்பதும் முக்கியம். சின்னக் கரண்டியால் ஒரு வாய், இருபது முப்பது தடவை மென்று, பிறகு கரண்டியைக் கீழே வைக்க வேண்டும். ஒரு வேளைக்கு இருபது, முப்பது நிமிடம். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, முடிந்து அரை மணித்தியாலம் போக வேண்டும். விக்கல் வந்தாலோ, மூக்கில் நீர் வடிந்தாலோ, நெஞ்சில் இறுக்கம் வந்தாலோ அதுதான் "போதும்" என்ற அறிவிப்பு. அதற்குப் பிறகு ஒரு வாயும் கூடாது. நீங்கள் கெஞ்சும் அந்த "ஒரு வாய்" அநேகமாக இந்த வாய்தான்.

இடம் குறைவாக இருப்பதால் முதலில் புரதம்: முட்டை, மீன், பருப்பு. பொதுவாக ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் என்பார்கள். விற்றமின் குளிசைகள் ஆயுளுக்கும். திரும்பத் திரும்ப வாந்தி வந்தால் "அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். விற்றமின் பி1 குறைந்து நரம்பும் மூளையும் பாதிக்கப்படலாம். காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, கடுமையான வயிற்று நோவு என்றால் உடனே வைத்தியசாலைக்கு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. "கட்டியானது ஏலாட்டி இதையாவது குடிங்க" என்று சீனி அள்ளிப் போட்ட தேநீர், பலூடா, வட்டிலப்பம், ஐஸ்கிரீம் கொடுக்கிறோம். இவை எங்கும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும், வயிறு நிரம்பியதும் தெரியாது. இறங்கிய பாரம் திரும்பி ஏறுவது இந்த வழியால்தான். சிலருக்கு இனிப்பு பட்டவுடன் தலைசுற்றும், வியர்க்கும், வயிற்றாலும் போகும். ஆக, அன்பில் கட்டியானதைத் திணித்தாலும் பிழை, அன்பில் இனிப்பை ஊற்றினாலும் பிழை.

"வாயைக் கட்டினால் முடியும், சோம்பலுக்கு ஒப்பரேஷனா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆறு வாரம் தண்ணீரிலும் மசித்ததிலும் இருந்தவரைப் பார்த்துச் சோம்பல் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. இது அழகுக்குச் செய்ததில்லை. இந்தியாவின் அரசியல்வாதிகள் நிதின் கட்கரி 2011 இலும், அருண் ஜெய்ட்லி 2014 இலும் பாரம் குறைக்கும் சத்திரசிகிச்சை செய்ததைப் பத்திரிகைகளே எழுதின. எல்லோரும் செய்யுங்கள் என்றும் நாங்கள் சொல்லவில்லை. யாருக்குத் தேவை என்பதை வைத்தியர் சொல்வார். செய்துகொண்டவரை ஊர் எப்படி நடத்துகிறது என்பதுதான் எங்கட பேச்சு.

"விருந்தாளியை உபசரிப்பது சுன்னத்து இல்லையா?" என்றும் கேட்பீர்கள். நிச்சயமாக. ஆனால் உபசரிப்பு என்பது வந்தவருக்கு எது ஏலும் என்று பார்த்துக் கொடுப்பது. வயிற்றில் மூன்றில் ஒரு பங்குதான் சாப்பாட்டுக்கு என்று சின்ன வயதில் மத்ரஸாவில் ஓதிக்கொடுத்ததும் இதே ஊரில்தான்.

ஆகவே ஊராரிடம் எங்கட வேண்டுகோள் இவ்வளவுதான். அப்படி ஒருவர் விருந்துக்கு வந்தால் சஹனில் உட்கார வைக்காமல், கேட்காமலே ஒரு சின்னப் பீங்கானைத் தனியாகக் கொடுங்கள். அவர் வைத்துவிட்டு எழும்பினால் விடுங்கள். "எத்தன கிலோ குறஞ்ச?" என்று கூட்டத்தில் கேட்காதீர்கள். நோன்பு வரும்போது "இப்பதான் சாப்பாடே இல்லையே, நோற்கலாமே" என்று சொல்லாதீர்கள். நாள் முழுக்க மிடறு மிடறாகத் தண்ணீர் குடிக்க வேண்டிய உடம்பு அது. அதை வைத்தியரிடமும் ஆலிமிடமும் கேட்டு அவர் முடிவெடுக்கட்டும். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது.

இதில் பிந்திப் படித்தவர் எங்கட உம்மாதான். பிள்ளை தின்னாமல் எழும்பினால் தாங்கமாட்டார். முதலில் ஒவ்வொரு வேளையும் சண்டை. இப்போது ராத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருப்பார். நேற்றுக் காலை ராத்தா அரை முட்டையும் இரண்டு கரண்டி பருப்பும் அரை மணித்தியாலமாகச் சாப்பிட்டார். வாந்தி இல்லை. உம்மா பீங்கானை எடுத்துக்கொண்டு போகும்போது, "போதுமா மகள்?" என்று ஒரு தடவை மட்டும் கேட்டார். "போதும் உம்மா." அதோடு முடிந்தது.

அந்த ஒரு கேள்வியோடு நாமும் நிறுத்திக்கொண்டால் போதும். ராத்தாவுக்காக துஆ செய்யுங்கள்.