கூரை போடக்கூடிய அளவுக்கே அத்திவாரம்

வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார் என்பது எம் முன்னோர் சொல். வன்னி விவசாயிக்கு இதன் முதற்பாதி ஒரு தடவையோடு முடிந்ததில்லை. 1990களில் இடம்பெயர்ந்து காடு வெட்டிக் கொட்டில் போட்ட குடும்பமே 2009இல் அதையும் விட்டு மெனிக் பாம் முகாமுக்குப் போனது. 2012 செப்ரெம்பரில் அந்த முகாம் மூடப்படும் வரை காத்திருந்து, பற்றையேறிய வளவுக்குத் திரும்பி மீண்டும் கட்டத் தொடங்கியவர்களும் பலர். காணி விடுபடாமலோ வீட்டுத்திட்டத்தில் பெயர் வராமலோ தகரக் கொட்டிலில் இருப்போர் இன்றும் உள்ளனர். அவர்கள் கட்டப்போகும் வீட்டின் பிளான் பற்றி முன்கூட்டியே சிந்திப்பது அவசியம். சீமெந்து வந்து இறங்கிய பின்னர் சிந்திக்க நேரம் கிடைப்பதில்லை.

2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத்திட்டம் 50,000 வீடுகளை இலக்காகக் கொண்டது. அதில் பெரும்பாலான வீடுகளைப் பயனாளிக் குடும்பங்களே கட்டின. 550 சதுர அடி வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா, வேலை முன்னேற முன்னேறக் கட்டம் கட்டமாக வங்கிக் கணக்குக்கு வந்தது. தன் வீட்டைத் தானே கட்டும் முறை நல்ல முறையே. ஆனால் அதில் ஓர் ஆபத்தும் இருந்தது. கயிறு பிடிக்கும் அன்று, “இன்னும் நாலடி தள்ளிப் போட்டால் என்ன? ஒருக்காத்தானே கட்டப் போகிறம்” என்று யாரோ ஒருவர் சொல்வார். அத்திவாரம் 800 சதுர அடியாகிவிடும்.

நாலடி தள்ளிய அத்திவாரம் அத்துடன் நிற்பதில்லை. அதன்மேல் சுவர் எழ வேண்டும், சுவரின்மேல் மரமும் ஓடும் ஏற வேண்டும், கீழே நிலம் இழுக்க வேண்டும். உதவிப்பணமோ பழைய அளவுக்கே வரும். மீதிக்குத் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயின. விதைநெல்லுக்கு வைத்த காசு கல்லாக மாறியது. வாராவாரம் வாசலுக்கு வந்து தவணை கேட்கும் நுண்கடனும் வந்து சேர்ந்தது. நுண்கடன் சுமை எவ்வளவு பெருகியது என்பதற்கு ஒரு சான்று போதும்: 2018இல், வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்று அடைக்க முடியாமற்போன, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வர வேண்டியிருந்தது. அத்தனைக்கும் வீடே காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் லிண்டல் மட்டத்தில் நின்றுபோன சுவர்களும் பூசாத கல்லும் எமது கிராமங்களில் எத்தனை என்பதை நாம் அறிவோம்.

ஆகவே எமது கருத்து இதுதான்: கூரை போட எவ்வளவு பணம் கையில் உண்டோ, அந்த அளவுக்கே அத்திவாரம் போடுங்கள். ஆனால் பின்னர் கூட்டக்கூடிய விதமாகப் போடுங்கள்.

சிறிய வீட்டில் ஒரு குடும்பம் வாழ முடியுமா என்று கேட்பீர்கள். 550 சதுர அடியைப் பங்கிட்டுப் பார்ப்போம். 10க்கு 10 அடியில் இரண்டு அறைகள் 200. 12க்கு 10 அடியில் நடுக்கூடம் 120. 10க்கு 8 அடியில் குசினி 80. 12க்கு 6 அடியில் விறாந்தை 72. மொத்தம் 472. மீதி 78 சதுர அடியில் பெரும்பகுதியைச் சுவரின் கனமே எடுத்துக்கொள்ளும். மலசலகூடம் வெளியே, உங்கள் கிணற்றுக்கும் அயலவர் கிணற்றுக்கும் குறைந்தது 50 அடி தள்ளி. இது மாளிகையல்ல. ஆனால் மாரிக்கு முன்னர் கூரை ஏறிய வீடு.

பின்னர் கூட்டுவதற்கு இன்றே இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். முதலாவது, எந்தப் பக்கம் அறை கூட்டலாம் என்று தீர்மானித்து, அந்தப் பக்கத்தில் 12 அடியாவது வெறுமையாக விடுங்கள். அங்கே கிணறோ மலக்குழியோ பலாமரமோ வரக்கூடாது. இரண்டாவது, அந்தச் சுவரில் வரும் யன்னலைக் கதவின் அகலத்துக்கு வைத்து, அதன் மேலே லிண்டல் போட்டுவிடுங்கள். நாளைக்கு யன்னலுக்குக் கீழுள்ள கல்லை மட்டும் எடுத்தால் வாசல் தயார். முகடு போகும் திசையிலேயே வீட்டை நீட்டினால் கூரையைப் பிரிக்கவும் வேண்டியதில்லை.

இப்படிப் பகுதி பகுதியாகக் கட்டுவது ஏழைக்கு மட்டும் சொல்லும் சமாதானம் என்று நினைக்கலாகாது. தென்னமெரிக்காவில் சிலி நாட்டின் இகிக்கே நகரத்தில் 2004இல் ஏறத்தாழ நூறு குடும்பங்களுக்கு வீடு கட்ட நேர்ந்தபோது, அரசு கொடுத்த பணம் முழு வீட்டுக்குப் போதவில்லை. கட்டடக் கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழு, குடும்பங்கள் தாமாகக் கட்டக் கடினமான பாதியை மட்டும் உறுதியாகக் கட்டி, மற்றப் பாதிக்கு இடம் விட்டது. குடும்பங்கள் கையில் காசு வரவர அந்த இடத்தை நிரப்பிக்கொண்டன. எமது பாட்டன் முதலில் ஒரு மண்வீடும் பிறகு அதனோடு ஒரு மாலும் போட்டதும் இதே அறிவுதான்.

2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் என்ற திட்டம் வந்தபோது எழுந்த எதிர்ப்பையும் இங்கே நினைவுகூர வேண்டும். வெப்பத்தைப் பற்றியும், விறகடுப்புக்கு இடமுண்டா, பிறகு அறை கூட்ட முடியுமா என்பது பற்றியும் மக்களும் பொறியியலாளர்களும் கேள்வி எழுப்பினர். அத்திட்டம் அந்த அளவில் நிறைவேறவில்லை. பிறர் தரும் வீட்டிடம் நாம் கேட்ட அதே கேள்விகளை, நாமே கட்டும் வீட்டிடமும் கேட்க வேண்டாமா?

இக்கேள்விகளுக்கு நன்கு பதில் சொல்லக்கூடியவர்களிடம் நாம் கேட்பதேயில்லை. பிளானைக் குடும்பத் தலைவரும் மேசனும் முற்றத்தில் நின்று பேசி முடிக்கிறார்கள். நாளில் பாதியைக் குசினியில் கழிப்பவர் தேத்தண்ணி கொடுத்துவிட்டு உள்ளே போகிறார். இது மாற வேண்டும். அடுப்பு எங்கே, விறகு நனையாமல் எங்கே, புகை போக வழி எது என்பதை அவரே சொல்லட்டும். எமக்கு வீசும் பெருங்காற்றுகள் இரண்டு: மாரியில் வடகிழக்கிலிருந்து வாடை, கோடையில் தென்மேற்கிலிருந்து சோளகம். பெரியவர்கள் அக்கினி மூலை என்னும் தென்கிழக்கு மூலையில் குசினி இருந்தால், இவ்விரண்டு காற்றும் புகையை வீட்டுக்குள் அடிக்காமல் ஓரமாகவே கொண்டுபோகும். வழக்கத்துக்குள் கணக்கும் உண்டு.

வயது வந்த பெண்பிள்ளைக்குத் தாழ்ப்பாள் உள்ள அறையும் மறைப்புள்ள குளிக்கும் இடமும் வேண்டும். முழங்கால் நோவுள்ள ஆச்சிக்குப் படியில்லாத வழி வேண்டும். ஆண் துணையில்லாத குடும்பத்தில், இரவில் மலசலகூடம் போகும் வழி வீட்டு வெளிச்சத்துக்குள் இருக்க வேண்டும். இவற்றுக்குச் சதுர அடி தேவையில்லை, யோசனைதான் தேவை.

விவசாயியின் வீடு தூங்குவதற்கு மட்டும் உரியதல்ல. நெல்மூட்டை அடுக்க, சுவரிலிருந்து ஓரடி தள்ளிப் பலகை போட்ட இடம் நடுக்கூடத்தில் இருக்கட்டும். பயிருக்கு அடிக்கும் மருந்தும் தெளிகருவியும் அறைக்குள்ளோ குசினிக்குள்ளோ வரவே கூடாது. அவற்றுக்கு வெளியே பூட்டுள்ள பெட்டி ஒன்று வேண்டும். விறாந்தையை ஆடம்பரமென்று வெட்டிவிடாதீர்கள். கிழக்கு வாசலில் அடிக்கும் வாடை மழையை அதுவே தடுக்கும். நிலமட்டத்தைத் தீர்மானிக்குமுன், 2018 டிசெம்பர் வெள்ளம் உங்கள் வளவில் எதுவரை நின்றது என்று விசாரித்து, அதற்கு மேலே உயர்த்துங்கள்.

வீட்டுத்திட்டங்களை நடத்தும் நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர் அத்திவாரம் போட்ட பிறகு அளவுநாடாவோடு வருகிறார். அதற்கு ஒரு வாரம் முன்னதாக வந்து, குடும்பத்தார் அனைவரையும் இருத்தி ஒரு மணி நேரம் பேசினால், எத்தனையோ சங்கிலிகள் அடகுக்குப் போகாமல் தப்பும்.

காலபோக அறுவடை முடிந்து மண் காயும் காலம் வீடு தொடங்க ஏற்ற காலம். நாட்கல் வைக்குமுன், வளவில் தடிகளை நட்டுக் கயிறு கட்டி, பிளானை நிலத்திலேயே போடுங்கள். குசினி இருக்கும் இடத்தில் அம்மா நிற்கட்டும், அறைக்குள் பாய் விரித்துப் பாருங்கள், ஆச்சி வாசலால் நடந்து பார்க்கட்டும். ஒரு வாரம் அக்கயிறு அப்படியே கிடக்கட்டும். கயிற்றை மாற்றிக் கட்டக் காசு தேவையில்லை. சுவரை இடித்துக் கட்ட ஒரு போகத்து விளைச்சலே போய்விடும்.