தோலுக்கு அல்ல, கட்டைக்கே விலை

மெல்லிசைக் குழு ஒன்று கலைந்தால் முதலில் விலை போவது ஒலிபெருக்கி. பிறகு கீபோர்டு. எல்லாம் போன பிறகும் பரணில் தங்கிவிடுவது டிரம்ஸ். அதற்கு இடம் அதிகம் வேண்டும், வாசித்தால் தெருவே விழித்துக்கொள்ளும், வாங்கவோ ஆள் வருவதில்லை. பேரப்பிள்ளைகள் தட்டி விளையாடி, தோல் கிழிந்து, எலி கூடு கட்டிய பிறகு ஒரு நாள் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது தீர்ப்பு எழுதப்படுகிறது: "வந்த விலைக்குத் தள்ளிவிடு."

பாகாலா போன்ற ஓர் ஊரில் இப்படி ஒரு செட் விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையில், காட்பாடி, திருப்பதி, தர்மாவரம் என்று மூன்று திசை ரயில் பாதைகள் கூடும் ஊர் அது. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வட்டாரம். கல்யாண வரவேற்பானாலும் கங்கையம்மன் ஜாத்திரையானாலும் பாட வருகிறவர்களுக்கு இரண்டு மொழிப் பாட்டும் தெரிந்திருக்க வேண்டும். மேளக்காரருக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. அடிக்கு மொழி கிடையாது.

அந்த வீட்டுப் படியேறி முதலில் விலை சொல்கிறவர் பெரும்பாலும் இசைக்காரர் அல்ல, காயலான் கடைக்காரர். அவருடைய கணக்கு நேரானது. ஸ்டாண்டும் பெடலும் இரும்பு, கிலோ கணக்கு. சிம்பல் வெண்கலம், அதற்குக் கொஞ்சம் கூடுதல். வட்டமான மரக் கூடுகளுக்கு விலையே இல்லை, போனால் போகட்டும் என்று தூக்கிப்போவார். விவரம் தெரிந்த டிரம்மர் அதே பரணுக்குக் கீழே நின்றால் கணக்கு தலைகீழாகும். இரும்பை அவர் பொருட்படுத்த மாட்டார், அது எங்கும் கிடைக்கும். அவர் கை முதலில் போவது மரக் கூட்டுக்கு. ஒருவர் தள்ளுவதை மற்றவர் தேடுகிறார். பழைய டிரம்ஸில் 'சகாய விலை' என்ற அதிசயம் பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. மிருதங்கம் வாசிக்கிற எவருக்கும் தெரிந்த சங்கதிதான். தோல் மாற்றப்படும், வார் மாற்றப்படும், வலந்தலையில் கரணை புதிதாக இடப்படும். பலாமரக் கட்டை மட்டும் அப்படியே இருக்கும். குருவிடமிருந்து சீடனுக்கு, அப்பாவிடமிருந்து பிள்ளைக்குக் கைமாறுவது கட்டைதான். டிரம்ஸும் அந்த ஜாதிதான். மேப்பிள், பிர்ச், மஹாகனி போன்ற மரங்களின் மெல்லிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வட்டமாக வளைத்தது அதன் கட்டை. தோல் என்று இன்றும் சொன்னாலும் அது தோல் அல்ல. 1957-ல் அமெரிக்காவில் பாலியெஸ்டர் படலம் கன்றுத் தோலின் இடத்தைப் பிடித்தது. மழை பெய்தால் தொய்ந்து வெயிலில் விறைத்துக்கொள்ளும் தொல்லை அத்தோடு தீர்ந்தது. பெயர் மட்டும் மிஞ்சியது. கிழிந்த தோலைக் காட்டி விலையைக் குறைக்கிறவர் உண்மையில் எதையும் குறைக்கவில்லை. எப்படியும் அதை மாற்றத்தான் போகிறார்.

டிரம் செட் அப்படியொன்றும் புராதனமான கருவி அல்ல. தனித்தனி ஆட்கள் வாசித்த மேளங்களை ஒரே ஆள் உட்கார்ந்து வாசிக்க வழி செய்தது காலால் மிதிக்கும் பெடல். அதற்கு நல்ல வடிவம் கொடுத்த வில்லியம் லுட்விக் தன் சகோதரர் தியோபால்டுடன் 1909-ல் சிகாகோவில் கம்பெனி தொடங்கினார். இந்தியாவுக்குள் இந்த வாத்தியம் வந்தது பெரிய ஹோட்டல்கள், கிளப்புகள், ரயில்வே இன்ஸ்டிட்யூட்டுகள் வழியாக. ஜோலார்பேட்டை, அரக்கோணம், போத்தனூர், குண்டக்கல் போன்ற ரயில்வே ஊர்களில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் நடனம் பேண்டு இல்லாமல் நடக்காது. அந்த மரபில் வந்த கைகள் கோடம்பாக்கத்திலும் வாசித்தன. சினிமா ரசிகர்களுக்குப் பெயர் தெரியாவிட்டாலும் நோயல் கிராண்ட் போன்ற டிரம்மர்களின் அடி காதில் இருக்கும். சிவமணிக்கு அவர் ஓர் ஆதர்சம்.

லைசென்ஸ் ராஜ்ஜியம் நடந்த காலத்தில் வெளிநாட்டு டிரம்ஸ் வாங்குவது லேசான காரியமல்ல. சென்னை அண்ணா சாலையில், 1842-லிருந்து தொடரும் பரம்பரை கொண்ட மியூசி மியூசிகல் போன்ற கடைகளின் கண்ணாடி வழியே பார்த்துப் பெருமூச்சு விட்டவர்கள் பலர். வெளிநாடு போய் வருகிறவர்கள் கொண்டுவந்த செட் பல கை மாறும். மற்றவர்களுக்கு மீரட் இருந்தது. அங்குள்ள ஜாலி கோட்டி வட்டாரம் நாட்டின் கல்யாண பேண்டுகளுக்கு வாத்தியம் செய்து கொடுக்கும் பட்டறைகளின் கோட்டை. ஒரு மேளம் இங்கிலாந்து, இன்னொன்று மீரட், ஸ்டாண்டு உள்ளூர் வெல்டிங் கடை என்று ஒட்டுப்போட்ட செட்டை வைத்துக்கொண்டும் குழுக்கள் பிழைத்தன. பரணில் இருப்பது அத்தகைய கலவையாகவும் இருக்கலாம்.

எனவே மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல டிரம்ஸுக்கும் பார்க்க வேண்டியவை உண்டு. காற்றுத் துளையில் பொருத்திய கம்பெனித் தகட்டை மட்டும் நம்பக் கூடாது, அதைக் கழற்றி வேறொன்றில் மாட்டலாம். தோலைக் கழற்றிக் கட்டையின் உள்ளே பார்க்க வேண்டும். 1960-களின் லுட்விக் மேளங்கள் பலவற்றில் உள்பக்கம் சிவப்பு மையில் தேதி முத்திரை இருக்கும். டேப் வைத்து நான்கு திசையில் குறுக்களவு எடுத்தால் கட்டை கோணியிருக்கிறதா என்று தெரிந்துவிடும். கோணிய கட்டையில் எந்தத் தோலும் சுருதிக்கு நிற்காது. தோல் உட்காரும் விளிம்பில் விரலை ஓட்டினால் பள்ளம் தட்டுப்படும். பிறகு யாரோ டிரில் போட்ட கூடுதல் துளைகள். வாசிக்கிறவருக்கு அவற்றால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் சேகரிப்பவரின் விலை அங்கே விழுந்துவிடும்.

அளவில் ஒரு பொறி இருக்கிறது. 1922-ல் லண்டனில் தொடங்கிய பிரீமியர் கம்பெனி 1960-களின் பிற்பகுதிவரை செய்த மேளங்கள் பல இன்றைய சர்வதேச அளவைவிட இம்மியளவு பெரியவை. இன்று கடையில் கிடைக்கும் தோல் அவற்றில் பொருந்தாது. அருமையான கட்டையை அடிமாட்டு விலைக்கு வாங்கிவிட்டு, தோலுக்காக ஊர் ஊராக அலைய நேரிடும்.

அடுத்தது கூட்டல் கணக்கு. சாதாரணமாக ஒரு செட் என்றால் ஐந்து மேளம். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல், ஆகப் பத்து. பத்துத் தோலையும் புதிதாக மாற்றும் செலவு சில சமயம் செட்டுக்குக் கொடுத்த விலையைத் தாண்டிவிடும். சிம்பல் விரிந்திருந்தால் பற்றவைத்தாலும் பழைய நாதம் திரும்பாது. நல்ல நிலையில் இருந்தாலோ அதுவே பெரிய சொத்து. உயர்ந்த ரகச் சிம்பல் எண்பது பங்கு செம்பும் இருபது பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம், ஏறத்தாழ நம் கோயில் மணியின் கலவை. 1623-ல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஆர்மீனியரான அவேதிஸ் ஜில்ஜியன் தொடங்கிய பரம்பரை இன்றும் அதைத்தான் வார்க்கிறது. காயலான் கடைக்காரர் எடை போட்டு உருக்கிவிடுவதும் அதைத்தான்.

'பழசு என்றால் பொன்' என்ற நினைப்பு இன்னொரு பொறி. 1964 பிப்ரவரி 9 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சியில் பீட்டில்ஸ் குழு தோன்றியபோது பார்த்தவர்கள் சுமார் 7.3 கோடி பேர். ரிங்கோ ஸ்டார் முன்னால் இருந்த பெரிய மேளத்தில் லுட்விக் என்ற பெயர். அதற்குப் பிறகு ஆர்டர்கள் குவிந்து லுட்விக் ஆலை இரவும் பகலும் ஓடியது. விளைவு, அந்தக் காலத்து லுட்விக் உலகமெங்கும் ஏராளம். பழமை வேறு, அருமை வேறு. ரிங்கோவின் முதல் லுட்விக் செட் 2015-ல் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்து 20 லட்சம் டாலருக்கு மேல் போனது. மரம் அதே மரம்தான். அந்த விலை, அதன் பின்னால் உட்கார்ந்திருந்த ஆளுக்கு.

இதில் உண்மையான சகாய விலைக் கதை வேறு. 1963-ல் லண்டன் கடையில் அந்த லுட்விக்கை வாங்கியபோது ரிங்கோ தன் பழைய பிரீமியர் செட்டை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தார். கடைக்காரர்கள் அதைத் துடைத்துச் சுத்தம் செய்து, சாதாரண பழைய செட்டாக வேறு யாருக்கோ விற்றுவிட்டார்கள். விற்றவருக்கும் அது சரக்கு, வாங்கியவருக்கும் சரக்கு.

இங்கே பரணுக்குப் போன மேளங்களை யாரும் எக்ஸ்சேஞ்சில் கொடுக்கவில்லை. அவற்றின் வேலை போய்விட்டது. 1985-ல் ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி ஆக்டபேடை வெளியிட்டது. ஒரே பலகையில் எட்டு ரப்பர் கட்டங்கள், தட்டினால் தபலாவும் வரும், டிரம்ஸும் வரும். ஐந்து மேளத்தை ஏற்றிச் செல்ல வேன் வேண்டும். பேடைத் தோளில் மாட்டிக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் ஏறிவிடலாம். சினிமாவிலும் 1986-ல் 'புன்னகை மன்னன்' இசையில் கம்ப்யூட்டர் நுழைந்தது. 1992-ல் 'ரோஜா' வந்தபோது காது வேறு தாளத்துக்குப் பழகத் தொடங்கிவிட்டது. இசையின் தரம் தாழ்ந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒலிப்பதிவுக்குக் கூப்பிடப்படும் கைகள் குறைந்தன, மேடையில் நாற்காலிகள் குறைந்தன. பரணில் இருக்கும் ஒவ்வொரு செட்டுக்கும் பின்னால் அப்படிக் காலியான ஒரு நாற்காலி இருக்கிறது. வாங்குகிறவருக்கு அதிர்ஷ்டம் என்பது விற்கிறவர் வீட்டில் ஒரு தொழில் முடிந்துபோன கதை.

இயந்திரத்துக்கும் அந்த விதி வந்தது. ரோலண்ட் 1980-ல் வெளியிட்ட டி.ஆர். 808 என்ற தாள இயந்திரம் நிஜ டிரம்ஸ்போல ஒலிக்கவில்லை என்று பரிகசிக்கப்பட்டது. சுமார் 12,000 மட்டுமே செய்து 1983-ல் தயாரிப்பை நிறுத்தினார்கள். அமெரிக்க அடகுக் கடைகளில் அது சீந்துவாரற்றுக் கிடந்தது. புது வாத்தியம் வாங்க வசதியில்லாத கறுப்பின இளைஞர்கள் அதை மலிவாக வாங்கி, யாரும் விரும்பாத அந்த 'தொம்' ஒலியிலேயே பாட்டுக் கட்டினார்கள். ஹிப் ஹாப் இசையின் அடித்தளங்களில் ஒன்று அந்த ஒலி. இன்று அதே இயந்திரத்தைச் சேகரிப்பாளர்கள் பல மடங்கு விலை கொடுத்துத் தேடுகிறார்கள். சந்தை கைவிட்டதை எடுத்து வாசித்தவர்கள்தான் அதற்கு விலை ஏற்றினார்கள். காட்சிக்கு வைத்தவர்கள் பிறகுதான் வந்தார்கள்.

பாகாலா பரணுக்கும் இது பொருந்தும். விற்கிற வீட்டில் விவரம் தெரிந்தவர் பெரும்பாலும் உயிரோடு இருக்க மாட்டார். அவருடைய மனைவிக்கோ மகனுக்கோ அது இடத்தை அடைக்கும் சாமான். தெரிந்தவர் தெரியாதவரிடம் வாங்கும்போது பேரத்தில் இரு தரப்பும் சமமில்லை. வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் பொருள் இன்னதென்று வாயைத் திறந்து சொல்லிவிட்டு, மாற்ற வேண்டிய பத்துத் தோலின் செலவையும் சொல்லிவிட்டு, அதன் பிறகு பேரம் பேசினாலும் விலை சகாயமாகத்தான் இருக்கும். கடையில் புதிதாக வாங்கும் விலைக்கும் காயலான் கடை விலைக்கும் நடுவே இடம் நிறையவே இருக்கிறது. கொடுப்பவர் ஏமாறவில்லை, வாங்குபவர் இழக்கவில்லை என்ற நிலை அந்த இடத்தில் எங்கோ கிடைக்கும்.

இன்று சிறு ஊர்களில் இந்த வாத்தியத்தை வாழவைப்பவை பல இடங்களில் தேவாலயங்கள். ஞாயிறு ஆராதனையில் கைதேர்ந்த பையன்கள் அங்கிருந்து கல்லூரி மேடைக்கும் கச்சேரிக்கும் போகிறார்கள். புது செட் வாங்க வழியில்லாத அந்தப் பையன்களுக்குப் பழைய கட்டை போய்ச் சேர்ந்தால் அது உலர்ந்த நல்ல மரம், அடி வாங்கிப் பழகியது, இன்னும் ஒரு தலைமுறைக்குத் தாங்கும். சேகரிப்பவரின் வரவேற்பறையில் கண்ணாடிக்குள் உட்கார்ந்தால் விலை ஏறலாம், சத்தம் வராது.

வாங்குகிறவர் தோலைக் கழற்றும்போது ஒரு பென்சிலும் எடுத்துப் போவது நல்லது. கம்பெனி முத்திரை இருக்கிற அதே உள்பக்கத்தில் இதுவரை வாசித்தவர் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டுப் புதுத் தோலைப் பூட்டலாம். அடுத்த தடவை தோல் கிழியும்போது இன்னொருவர் அதைப் படிப்பார்.