ஏற்றப்படாத அடுப்பு

நுழையும்முன்

பழம்பொருள்களைச் சேகரிப்பது பொழுதுபோக்கு மட்டுமன்று; அது ஒரு பொறுப்பும் ஆகும். ஒருமுறையேனும் ஏற்றப்படாத பழைய பயண அடுப்பு ஒன்று கையில் கிடைத்தால், அதனை ஏற்றிப் பயன்படுத்துவதா, அப்படியே பாதுகாப்பதா? இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

மலையேறுவோரும் காட்டு வழியில் நெடுந்தொலைவு நடப்போரும் தம்முடன் சுமந்து செல்லும் சிறிய அடுப்பே பயண அடுப்பு. இவ்வகை அடுப்புகள் பலவற்றுக்கு முன்னோடியாக அமைந்தது பிரைமஸ் அடுப்பு. சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் என்பவர் 1892ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். இதற்குத் திரி இல்லை. பித்தளைக் கலத்தில் ஊற்றிய மண்ணெண்ணெய், பம்பு அடித்து ஏற்றிய காற்றின் அழுத்தத்தால் மேலெழும். சூடான குழாயில் ஆவியாகும். ஊசித்துளை வழியே சீறி வெளிவந்து நீலச் சுடராக எரியும். இதனால் கரி படிவது மிகவும் குறைந்தது. இந்திய இல்லங்களில் சமையல் எரிவாயு பரவுவதற்கு முன்பு இரைச்சலுடன் எரிந்த பம்பு ஸ்டவ்வும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே.

இவ்வடுப்பு மனிதர் செல்ல அஞ்சிய இடங்களுக்கெல்லாம் சென்றது. 1911ஆம் ஆண்டில் தென் துருவத்தை அடைந்த அமுண்ட்செனின் குழுவினர் பிரைமஸ் அடுப்பை எடுத்துச் சென்றனர். 1953ஆம் ஆண்டு மே மாதம் 29ஆம் நாள் விடியலில், எவரெஸ்ட் சிகரத்துக்குக் கீழே அமைந்த கடைசிக் கூடாரத்தில், உறைந்து கல்லாகிவிட்ட தம் காலணிகளை எட்மண்ட் ஹிலாரி அடுப்புத் தீயில் இளக்கி அணிந்தார். அதன் பிறகே அவரும் டென்சிங் நோர்கேயும் சிகரம் நோக்கிப் புறப்பட்டனர்.

இத்தகைய வரலாறு உடையமையால், பழைய பயண அடுப்புகளைத் தேடிச் சேர்ப்போர் இன்று உலகின் பல நாடுகளில் உள்ளனர். அவர்களுக்குக் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை எரிந்து, நசுங்கி, நிறம் மாறியவை. ஆயினும் அரிதாக, கடையிலிருந்து வந்த பெட்டியிலேயே, அச்சிட்ட குறிப்புத்தாளுடன், ஒருமுறையும் தீயைக் காணாத அடுப்பொன்று வெளிப்படுவதுண்டு. அதனை என்ன செய்வது என்பதில் சேகரிப்போர் இருவேறு கருத்தினராகப் பிரிந்து நிற்கின்றனர்.

ஏற்ற வேண்டும் என்போர் கூறும் காரணங்கள் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. அடுப்பு எரிவதற்காகவே செய்யப்பட்டது. எரியாத அடுப்பு, மீட்டப்படாத வீணையைப் போன்றது. அதனைச் செய்த தொழிலாளர் அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்காகச் செய்யவில்லை. மேலும், பயன்படாத பொருள் வீணாகும். பம்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கும், அடைப்புகள் இறுகிப்போகும். ஆகவே பயன்படுத்துவதே சிறந்த பராமரிப்பு என்பது அவர்கள் வாதம்.

காக்க வேண்டும் என்போரின் வாதம் ஒரே உண்மையின்மேல் நிற்கிறது. ஏற்றிய அடுப்பை அணைக்கலாம். ஏற்றப்படாத அடுப்பாக மீண்டும் ஆக்க முடியாது. முதல் தீயிலேயே எரிமுனையின் பித்தளை நிறம் மாறும். வெப்பம்படும் இடத்தில் வண்ணப்பூச்சு கருகும். குழாயினுள் கரி படியத் தொடங்கும். எத்தனை மெருகேற்றினாலும் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் தோற்றம் திரும்பாது. இன்று காத்து வைத்த அடுப்பை நாளை ஏற்ற விரும்பினால் ஏற்றலாம். இன்று ஏற்றிய அடுப்பைப் பற்றி நாளை மனம் மாறினால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இவ்விரண்டையும் சீர்தூக்கும்போது, பயன்பட்ட பொருளும் பயன்படாத பொருளும் வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன என்பதை முதலில் உணர வேண்டும். 1897ஆம் ஆண்டில் பலூனில் ஏறி வட துருவம் நோக்கிப் பறந்த ஆந்த்ரேயும் அவருடைய துணைவர் இருவரும் பனிவெளியில் இறங்க நேர்ந்து, பின்னர் மாண்டனர். 33 ஆண்டுகள் கழித்து, 1930ஆம் ஆண்டில், வெண்தீவு எனப்படும் ஆர்க்டிக் தீவில் அவர்களுடைய உடல்களும் உடைமைகளும் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒரு பிரைமஸ் அடுப்பும் இருந்தது. அவ்வடுப்பின் மதிப்பு அதன் பளபளப்பில் இல்லை. மூன்று மனிதரின் கடைசி நாள்களோடு அது இருந்தது என்பதில் உள்ளது. அது பயன்பாட்டின் சாட்சி. ஏற்றப்படாத அடுப்போ உருவாக்கத்தின் சாட்சி. தொழிற்சாலை இட்ட மெருகு எத்தகையது, எந்தத் தோலால் வாஷர் வெட்டப்பட்டது, எந்தத் தாளில் சுற்றி விற்கப்பட்டது என்பவற்றை அது ஒன்றே காட்டும். சிதைந்த அடுப்பைச் செப்பனிடுவோர் மூல வடிவத்தை அறிய விரும்பினால், அத்தகைய அடுப்பைத்தான் பார்க்க வேண்டும். அதனையும் ஏற்றிவிட்டால் அந்தச் சாட்சி வாய் மூடிவிடும்.

இனி, பயன்படுத்துவதே பராமரிப்பு என்னும் வாதத்தைக் காண்போம். தோல் வாஷர் காயாமல் இருக்க எண்ணெய் போதும், தீ தேவையில்லை. அதற்கு மாறாக, பல்லாண்டு கிடந்த அடுப்பை ஆபத்தின்றி ஏற்ற வேண்டுமானால், இறுகிப்போன வாஷர்களையும் வால்வின் அடைப்பையும் மாற்றியாக வேண்டும். மாற்றாமல் ஏற்றினால் எரிபொருள் கசிந்து தீப்பற்றக்கூடும். பழைய அடுப்புகள் சிலவற்றில் உடல்நலத்துக்குக் கேடான கல்நாரும் இடம்பெற்றுள்ளது. எனவே, மூல நிலையில் உள்ள அடுப்பின் சுடரைக் காண விரும்புவோர், அந்த மூல உறுப்புகளையே முதலில் கழற்ற வேண்டியவராகின்றனர். அவர்கள் தேடிய பொருள், அவர்கள் கையாலேயே வேறொன்றாகிவிடுகிறது.

அதே வேளையில், காப்பவரிடமும் குறை உண்டு. பெட்டியைத் திறக்காமல் பூட்டி வைத்து, விலை ஏறும் நாளை எதிர்நோக்கியிருப்பது பாதுகாப்பு ஆகாது, அது வாணிகம். பித்தளையும் கவனிப்பாரற்றுக் கெடும். ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்து இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் சேமித்து வைத்த பித்தளைத் தோட்டாக் கூடுகளில் வெடிப்புகள் தோன்றின. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியாவே, உள்ளழுத்தம் மிகுந்திருந்த அந்தப் பித்தளையைப் பிளந்தது என்பது 1921ஆம் ஆண்டில் விளக்கப்பட்டது. தோட்டா வெடிக்கவில்லை; கூடு வெடித்தது. தொடாமல் விடுவது வேறு, காப்பது வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. காப்பவர் பெட்டியைத் திறக்க வேண்டும். ஈரமின்றி வைக்க வேண்டும். ஒவ்வோர் உறுப்பையும் படமெடுத்து, அளந்து, எழுதி வைத்து, அறிய விரும்புவோர்க்குக் காட்டவும் வேண்டும். எவரும் காணாத சாட்சியால் எவர்க்கும் பயனில்லை.

ஏற்றப்படாத அடுப்பு ஒவ்வொன்றையும் காத்தே ஆக வேண்டும் என்பதும் பொருந்தாது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைவீரர்க்காகக் கோல்மன் நிறுவனம் கையடக்கமான பெட்ரோல் அடுப்புகளைப் பெருமளவில் செய்தது. இவ்வாறு பெருந்தொகையாகச் செய்யப்பட்ட வகைகளில், ஒரே அமைப்புடைய புதிய அடுப்புகள் பல கிடைக்குமாயின், சிலவற்றைக் காத்து ஒன்றை ஏற்றுவதில் இழப்பு இல்லை. ஆகவே, தீக்குச்சியை உரசுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காண்பது நன்று. இதைப்போல் ஏற்றப்படாதது வேறு உண்டா? இதன் இன்றைய நிலை முழுமையாகப் பதிவு செய்யப்பட்டுள்ளதா? இதே அனுபவத்தை ஏற்கெனவே பயன்பட்ட அடுப்பிலிருந்து பெற முடியாதா?

மூன்றாம் வினாவே முடிவைத் தருகிறது. பயன்பட்ட அடுப்புகளுக்குப் பஞ்சமில்லை. நன்கு செப்பனிட்ட பழைய அடுப்பின் சுடரும் அதே நீலம். அதன் இரைச்சலும் அதே இரைச்சல். காக்கப்பட வேண்டியது பித்தளை மட்டுமன்று. ஸ்பிரிட் ஊற்றி எரிமுனையைச் சூடாக்குவதும், பதம் அறிந்து பம்பு அடிப்பதும், ஊசியால் துளையைத் தூய்மை செய்வதுமாகிய கைத்திறனும் காக்கப்பட வேண்டியதே. அத்திறன் ஏட்டில் நிலைக்காது. எரியும் அடுப்பின் முன்னேதான் ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்லும். அதற்குப் பயன்பட்ட அடுப்புகள் போதும்.

பொருள் தன்னுடையது, விருப்பமும் தன்னுடையது என்று உரிமையாளர் கூறலாம். சட்டம் அதனை மறுக்காது. ஆயினும் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் எத்தனையோ கைகளில் தப்பி வந்த ஒன்றை, ஒரு மாலைப்பொழுதின் ஆவலுக்காக மாற்றிவிடும்முன், தமக்குப் பின் வருவோரையும் எண்ணிப் பார்ப்பதே சேகரிப்போர்க்கு அழகு. எரிந்த அடுப்பு தொடர்ந்து எரியட்டும்; ஏற்றப்படாத அடுப்பு அதன் அருகில், திறந்த பெட்டியில், கண்டு அறிவோர்க்காகக் காத்திருக்கட்டும்.

சிந்தித்து எழுதுக

1. பயன்பட்ட அடுப்பும் ஏற்றப்படாத அடுப்பும் சொல்லும் செய்திகள் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. 'தொடாமல் விடுவது வேறு, காப்பது வேறு' – இக்கூற்றைக் கட்டுரைவழி விளக்குக.
3. உங்கள் இல்லத்தில் உள்ள பழம்பொருள் ஒன்றைப் பயன்படுத்துவீரா, பாதுகாப்பீரா? காரணங்களுடன் எழுதுக.