சீட்டை விட்டு வேலைக்கு வருகிறவர்கள்

2003-ம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்கர் போக்கர் சீட்டுப் பந்தயத்தில் 25 லட்சம் டாலர் வென்றார். அவ்வாண்டு அந்தப் பந்தயத்தில் உட்கார்ந்தவர்கள் 839 பேர். 2006-ல் 8,773 பேர்! வேலையையும் படிப்பையும் உதறிவிட்டுச் சீட்டையே பிழைப்பாக்கிக் கொண்டோர் பலர்.

2011 ஏப்ரல் 15-ல் அமெரிக்க அரசு மூன்று பெரிய இணையச் சீட்டுக் கம்பெனிகள் மீது வழக்குப் போட்டது. ஒரே நாளில் பிழைப்பு போயிற்று. அதில் ஒரு கம்பெனியிடம் சிக்கிய பணம் அந்நாட்டு ஆட்டக்காரர்களுக்கு 2014-ல்தான் திரும்பத் தொடங்கியது. நம் நாட்டிலும் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.

இந்த ஆட்டத்தில் திறமையே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. உண்டு. ஆனால் திறமைசாலி யாரிடம் ஜெயிக்கிறான்? கடைக்காரனிடமா? இல்லை! எதிரே உட்கார்ந்திருப்பவனிடம், சம்பளக் கவர் பிரிக்காமல் வந்தவனிடம். கடைக்காரனோ மேஜையில் சேரும் பணத்தில் தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்கிறான். எவன் தோற்றாலும் அவனுக்கு நஷ்டமில்லை. (நம்மூர் மனமகிழ் மன்றங்களில் மகிழ்வது யார் என்று வீட்டுப் பெண்களைக் கேளுங்கள்.)

மில்லில் பக்கத்து மிஷின்காரனுக்குக் கூலி உயர்ந்தால் நமக்கும் உயர வழி பிறக்கிறது. சீட்டு மேஜையில் பக்கத்துக்காரன் அழிந்தால்தான் நமக்குச் சோறு. இராப்பகல் கண்விழித்தும் அங்கே வைப்பு நிதி கிடையாது, போனஸ் கிடையாது, நோய் வந்தால் ஈ.எஸ்.ஐ. கிடையாது.

இதையெல்லாம் உணர்ந்து திரும்புகிறவனைத் தோற்றோடியவன் என்று கேலி பேசுவது சரியல்ல. “இத்தனை வருஷம் எங்கிருந்தாய்?” என்று மேலாளன் கேட்கும்போது அவன் விழிக்கிறான். அதைக் காரணம் காட்டியே கூலியைக் குறைக்கிறார்கள்.

அவனை மேஜைக்கு விரட்டியது பேராசை மட்டுந்தானா? மாதக் கடைசியில் கடன் வாங்க வைக்கும் சம்பளமும், இன்று உண்டு நாளை இல்லை என்ற ஒப்பந்த வேலையும் அல்லவா? அதே வேலைக்கே அவன் திரும்பி வந்தால் எத்தனை நாள் நிலைப்பான்?

ஆகவே அவனிடம் பழைய கதையைக் கிளற வேண்டாம். டீ வாங்கிக் கொடுங்கள். சங்கச் சந்தாப் புத்தகத்தை நீட்டுங்கள்.